கிரைண்டர் ரெஜினாவின் கணவன்

கிரைண்டரை மேடையேற்றி ஓடவிட்டு, அந்தச் சத்தத்தோடு ராக் பாடுகிற ரெஜினாவைப் பற்றி ஆவணப்படம் வந்தது. இப்போதெல்லாம் ஆவணப்படங்களை இயந்திரமே எடுக்கிறது. கிடைக்காத காட்சிகளை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். ராக் பாடகி என்றால் வாழ்க்கையில் அடிபட்டிருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. ஆகவே படத்தில் அவள் கணவன் அருள்ராயன் குடித்துவிட்டு வந்து அவளை அடித்தான்.

நிஜ அருள்ராயன் மோர் குடித்தாலே தூங்கிவிடுகிற ஆள். கச்சேரி முடிந்ததும் கிரைண்டரை வீட்டுக்குத் தூக்கி வந்து, கழுவி, இட்லிக்கு மாவு அரைப்பவன்.

படம் பார்த்த அவன் அம்மா அழுதுகொண்டே போன் செய்தாள். ரெஜினா போனைப் பிடுங்கினாள்.

“அவரு இதுவரைக்கும் என்மேல கை வச்சதே இல்ல அத்தை. எல்லாம் மெஷின் கட்டிவிட்ட கதை.”

“அவன்கிட்ட குடும்மா” என்றாள் மாமியார்.

கொடுத்தாள்.

“பாத்தியாடா பாவி, இப்பவும் உன்னை விட்டுக்குடுக்காம பேசுறா.”