அழுகிற முகம்

கொல்லிமலையில் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்த சென்னம்மாளுக்கு அப்போதுதான் ஆபரேஷன் முடிந்திருந்தது. மயக்கம் கொடுக்காமல், அந்தக் காலை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி. அந்த ஆஸ்பத்திரிக்கு அது புதுசு.

நர்ஸ் கோகிலவாணி ஒரு அட்டையை நீட்டினாள். சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும் முகங்கள் அதில் வரிசையாக இருந்தன.

"வாயில ஆக்சிஜன் மாஸ்க் இருக்குது, பேச வேண்டாங்கம்மா. வலிக்கிற முகத்தைத் தொட்டுக் காட்டுங்க, போதும்."

சென்னம்மாள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, அழுகிற முகத்தைத் தொட்டாள்.

கோகிலவாணி பதறிப்போய் டாக்டரை அழைத்தாள். "ஊசி வேலை செய்யலீங்க டாக்டர்!"

டாக்டர் மேனகா மானிட்டரைப் பார்த்தார். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாமே சீராக இருந்தன. குழப்பத்தோடு சென்னம்மாளின் மாஸ்க்கை விலக்கினார்.

"கால் ரொம்ப வலிக்குதாம்மா?"

"காலு இருக்குதான்னே தெரியலீங்க."

"அப்புறம் ஏன் அழுகிற முகத்தைக் காட்டினீங்க?"

"வலிக்கிற மொகத்தைத்தானுங்க கேட்டாங்க? அந்தா நிக்குது பாருங்க."

கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் கணவர் பொங்கியண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

சென்னம்மாள் நர்ஸின் கையைப் பிடித்தாள்.

"ஏணியைப் புடிச்சிருந்தது அவருதான் கண்ணு. எனக்கு நோவலைன்னு போயிச் சொல்லிப்போட்டு வா."