தலைக்கு மேல் நான்கு விரக்கடை

ஞாயிறுதோறும் கேமராவோடு தெருத்தெருவாகச் சுற்றும் தவசிலிங்கத்தைச் செண்பகவல்லி வீட்டுக்குள் கூப்பிட்டாள். மாமனாருக்குச் சலவைச் சட்டை மாட்டி, பவுடர் பூசி, ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தாள். தன்னையும் ஒருவன் படம் எடுக்க வந்திருக்கிறானே என்று கிழவருக்கு வாயெல்லாம் பல்.

“சிரிக்காதீங்க மாமா, பின்னால பாக்க நல்லாருக்காது” என்று அவர் காதில் கத்திவிட்டு, தவசியிடம் மெதுவாகச் சொன்னாள். “தலைக்கு மேல நாலு விரக்கடை எடம் விட்டு எடுங்கண்ணே. மாலை போட்டா மொகம் மறையக் கூடாது.”

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த கிழவரின் சிரிப்பு மெல்ல அணைந்தது. ஜன்னல் வெளிச்சம் ஒவ்வொரு சுருக்கத்திலும் இறங்கி நின்றது. ஐந்து வருடமாகத் தவசி தேடித் திரிந்த முகம் அது.

“மாலைக்கு எடம் போதுமா தம்பி?” என்று கேட்டார் கிழவர்.

கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே தவசி சொன்னான்.

“இன்னும் கொஞ்சம் கீழ எறங்கி உக்காருங்க.”