இருபத்திரண்டு அங்குலம்

சாரல் தூறிக்கொண்டிருக்கிறது. குற்றால அருவியின் பெண்கள் பக்கத்தில், பள்ளிக்கூடம் போகும் மகள் குழல்வாய்மொழியைப் பாறையில் உட்காரவைத்து, சங்கரம்மாள் அவள் முதுகில் நல்லெண்ணெய் தேய்க்கிறாள். உள்ளங்கைக்கு அடியில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படுகின்றன. குளித்தவர்கள் எல்லாரும் ஈரத்தலையோடு எதையாவது மென்றுகொண்டிருக்கிறார்கள். இவளுக்குக் கொண்டுவந்த இட்லி மட்டும் தூக்குச்சட்டியில் அப்படியே இருக்கிறது.

“பிள்ளை ஏன்க்கா இப்படி மெலிஞ்சு போச்சு?” என்று பக்கத்துப் பாறையிலிருந்து அதே தெருக்காரி ஆவுடையம்மாள் அருவி இரைச்சலுக்கு மேல் கத்திக் கேட்கிறாள்.

“பண்பொழி முருகனுக்கு விரதம் இருக்கால்லா. பரீட்சையில பாஸாகணும்னு நேர்ந்திருக்கா. ஒரு நேரந்தான் சாப்பிடுதா.” சங்கரம்மாளின் குரலில் பெருமை வழிகிறது.

குழல்வாய்மொழி கண்ணை மூடிக்கொள்கிறாள். அவளுடைய கணக்குப் புத்தகத்துக்குள், சினிமாப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு நடிகையின் படம் இருக்கிறது. இடுப்பு இருபத்திரண்டு அங்குலம் என்று அதன் அடியில் அச்சடித்திருக்கிறார்கள். தையல் வகுப்பு டேப்பில் அந்த அளவைப் பிடித்துத்தான் இடுப்பில் மஞ்சள் கயிறு கட்டினாள். கோயில் கயிறு என்று வீட்டில் சொல்லிவிட்டாள். கட்டிய அன்று தோலை அறுத்த கயிறு இப்போது தொளதொளவென்று கிடக்கிறது.

சங்கரம்மாளின் விரல்கள் அதில் பட்டு நிற்கின்றன. கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.

“ஏட்டி, சாமி கயிறு லூசாக் கிடக்கு. தண்ணி இழுத்துட்டுப் போயிரும். மூச்சை உள்ள இழு.”

குழல்வாய்மொழி இழுக்கிறாள். அம்மா பழைய முடிச்சை அவிழ்த்து, வயிறு உள்ளே போன மட்டும் இறுக்கி, முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே புது முடிச்சுப் போடுகிறாள்.