கூட்டிப் போட்ட ஒரு வயசு

"உனக்கு என்னம்மா வயசு?" மாஜிஸ்திரேட் கேட்டார்.

"பதினெட்டு முடிஞ்சிருச்சு," என்றாள் கூண்டில் நின்ற பெண்.

வக்கீலம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால்மணி நேரத்துக்கு முன்னால்தான் வராந்தாவில் வைத்து, "பதினேழுன்னு சொல்லும்மா, அதுதானே உண்மை" என்று படித்துப் படித்துச் சொல்லி அழைத்து வந்திருந்தார்.

"பொண்ணே பதினெட்டுங்குது. ஸ்கூல் சர்டிபிகேட்டும் பதினெட்டுங்குது. அப்புறம் என்ன மேடம், வயசு தப்புன்னு மனு?" மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மூணு மணி வரைக்கும் டைம் தர்றேன். ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க. இல்லேன்னா பெரியவங்க ஜெயில்தான்."

விஷயம் இவ்வளவுதான். காலேஜ் படிக்கட்டில் தோழியோடு வாய்த்தகராறு. கோபத்தில் ஒரு தள்ளு. விழுந்தவளுக்கு மண்டையில் பலத்த அடி. போலீஸ் கொலை முயற்சி என்று எழுதிவிட்டது.

பதினேழு என்றால் கேஸ் பின்கட்டிடத்தில் இருக்கும் சிறார் கோர்ட்டுக்குப் போகும். அங்கே கூண்டு இல்லை, யூனிபாரம் இல்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். பெயர் வெளியே வராது. பதினெட்டு என்றால் இங்கிருந்து செஷன்ஸ் கோர்ட், அப்புறம் ஹைகோர்ட் என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்குவதற்குள் பாதி வாழ்க்கை போய்விடும். இத்தனைக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு வருஷம். அதுவும் பள்ளிக்கூடத்தில் சீக்கிரம் சேர்ப்பதற்காக ரிஜிஸ்டரில் கூட்டிப் போட்ட வருஷம். கூட்டிப் போட்டவருக்கு ஒரு பேனாக்கீறல். இவளுக்கு ஜெயில்.

வெளியே வந்ததும் அப்பா வெடித்தார். அவர் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர். சத்தம் வராந்தாவின் அந்தக் கோடி வரை கேட்டது.

"இதெல்லாம் ஒரு கோர்ட்டா சார்? அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தாலே தெரியலையா? பேப்பர்ல இருக்கிறதுதான் இவங்களுக்கு வேதமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் எழுந்து அவருக்கு இடம் விட்டார்.

"அவளுக்கும் திமிர். தாயில்லாப் பிள்ளைன்னு செல்லம் கொடுத்தேன் இல்ல, அதுக்கு எனக்கு வேணும்."

"மாமா, கொஞ்சம் உட்காருங்க," என்றாள் பெண்ணின் சித்தி. பிறகு வக்கீலம்மாவிடம் திரும்பினாள். "பிரசவத்துக்கு அக்கா கூட இருந்தது நான்தாங்க. சத்தியமா பதினேழுதான். நான் வந்து சொன்னா செல்லாதா?"

"சொந்தக்காரங்க வாய்வார்த்தையை மட்டும் வெச்சு ஏத்துக்க மாட்டாங்க. பிரசவம் பார்த்த நர்சிங் ஹோமும் மூடியாச்சு. எலும்பு டெஸ்ட்ல ஒரு வருஷ வித்தியாசம் தெளிவாத் தெரியாது," என்றார் வக்கீலம்மா. "ஒரே வழிதான் இருக்கு. அந்த ரிஜிஸ்டர்ல தேதியை எழுதினவங்க வந்து, தெரிஞ்சேதான் ஒரு வருஷம் கூட்டிப் போட்டேன்னு வாக்குமூலம் கொடுக்கணும். கொடுத்தா நான் சாயங்காலத்துக்குள்ள கேஸை மாத்திக் காட்டறேன்."

"யார் எழுதினதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்றாள் சித்தி.

"அதானே," என்றார் அப்பா. "பதிமூணு வருஷம் ஆச்சு. எவன் எழுதினானோ. ஒரு பிள்ளையோட வாழ்க்கையில விளையாடிட்டு, அவன் பாட்டுக்கு எங்கயோ உட்கார்ந்து சம்பளம் வாங்கிட்டு இருப்பான். அவனையெல்லாம் இழுத்துட்டு வந்து இந்தக் கூண்டுல நிறுத்தணும் மேடம்."

சொல்லும்போதே குரல் உடைந்தது. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். இப்படி ஒரு அப்பனுக்கு இப்படி ஒரு மகளா என்று வராந்தாவே முணுமுணுத்தது.

வக்கீலம்மாவுக்கும் அதே எரிச்சல்தான். படியிறங்கி, கைதிகளை உட்கார வைக்கும் அறைக்கு விறுவிறுவென்று போனார். வாசலில் நின்ற பெண் போலீஸ், "அஞ்சு நிமிஷம்தான் மேடம்" என்று ஒதுங்கினாள்.

பெண் சுவரோரமாகக் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா சாப்பிட்டாரா மேடம்? சுகர் மாத்திரை போடணும்."

"இப்ப மட்டும் அக்கறை பொத்துக்கிட்டு வருதா? மேலே வந்து பாரு, மனுஷன் எப்படித் துடிக்கிறாருன்னு. உன்னைக் காப்பாத்தத்தானே இத்தனை பேர் நாயா அலையறோம்? பதினெட்டுன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு? எந்த மாதிரி கைதிங்களோட எல்லாம் ஒரே ரூம்ல அடைஞ்சு கிடக்கணும்னு தெரியுமா?"

அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"மூணு மணிக்கு ஜட்ஜ் மறுபடி கேட்பாரு. பயத்துல தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு. அந்தத் தேதியை எழுதின ஆளைத் தேடிப்பிடிக்க ஒரு வாரம் டைம் வாங்கறேன். எந்த மூலையில இருந்தாலும் விட மாட்டேன்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். காலையிலிருந்து கலங்காத கண் இப்போதுதான் கலங்கியது.

"தேட வேண்டாம் மேடம். அப்ப அந்த ஸ்கூல்ல அட்மிஷன் போட்டது அப்பாதான். ஒத்துக்கிட்டா வேலையும் பென்ஷனும் போயிடுமாம். நேத்து ஸ்டேஷனுக்கு வந்து, 'பதினெட்டுன்னே சொல்லிடும்மா'ன்னு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு."