டோனட் தின்ற கரடி

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காட்டோரத்தில் லூசியன் கடை வாசல் தராசில் ஒடீல் அடித்த முதல் கரடி தொங்கியது. நன்றாக வளர்ந்த ஆண் கரடி. கூடியிருந்த வேட்டைக்காரர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவளுடைய அண்ணன் ஃபெர்னாண்ட் மட்டும் கேலியை விடுவதாக இல்லை.

"மூணு வருஷமா கரடியை இழுக்க மரத்தடிப் பீப்பாயில பழைய டோனட்டாக் கொட்டிக்கிட்டு, மேல ஏறி சும்மா உக்காந்திருந்தே. கரடிக்கெல்லாம் சர்க்கரை வியாதியே வந்திருக்கும்! போன வருஷம் உன் மரத்துல நான் ஏறின அன்னிக்கே ஒண்ணை அடிச்சேன். அதோ பாரு!"

கடைச் சுவரின் நடுவில் அவன் அடித்த கரடியின் தோல் மாட்டியிருந்தது. கறுப்பு நெஞ்சில் பிறை மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு.

"எனக்கும் கரடி தினமும் வந்துச்சுண்ணே," என்றாள் ஒடீல்.

"வந்துச்சா! அப்புறம் ஏன்டி சுடல? கை நடுங்கிச்சா?"

"மொத வருஷம் வந்தது தாய்க்கரடி. பின்னாலயே ரெண்டு குட்டி. குட்டியோட வர்றதை யாராவது சுடுவாங்களா? மறு வருஷம் அந்தக் குட்டிங்க மட்டும் வந்துச்சு. ஒண்ணுக்கு நெஞ்சுல வெள்ளைப் பிறை. இன்னும் வளரட்டும்னு விட்டேன். போன வருஷம் நீ ஏறினே."

எல்லார் பார்வையும் சுவருக்குப் போனது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஃபெர்னாண்ட் தோலைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

"லூசியன், என் கரடியைக் கொஞ்சம் ஓரமா நகர்த்தி மாட்டு. நடுவுல என் தங்கச்சி கரடிக்கு இடம் வேணும்."