மில்லர் டயர்ஸ்

"அந்தப் பலகையை மட்டும் கழட்டாதேம்மா. கடையை வித்துட்டேன்தான், புத்தி சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையா?" என்றார் மில்லர்.

அமெரிக்க நகரமான சான் அந்தோனியோவின் அந்தப் பழைய டயர் கடையை கிரிசெல்டா மொந்தியேல் அன்று காலைதான் அவரிடம் வாங்கியிருந்தாள். ஏணியில் பாதி ஏறியவள் திரும்பிப் பார்த்தாள்.

"என் கடைக்கு என் பேரை வைக்கிறேன் சார். இதுல என்ன தப்பு?"

"மெக்சிகோ பேரைப் பார்த்தா வெள்ளைக்காரன் வண்டியை நிறுத்தவே மாட்டான். மில்லர்னு இருந்தா யோசிக்காம உள்ள வருவான். இத்தனை வருஷம் பார்த்தவன் சொல்றேன்."

"நிறுத்தாதவன் போகட்டும். டயர் வெடிச்சா வண்டியைத் தூக்கிக்கிட்டா வீட்டுக்குப் போவான்?"

"இப்படிப் பேசினா கடை ஓடாது."

"பேரை ஒளிச்சு வச்சுச் சம்பாதிச்சா, அந்தச் சாப்பாடு எனக்குத் தொண்டையில இறங்காது சார்!"

அவள் விறுவிறுவென்று மேலே ஏறித் திருகாணியைத் திருப்பினாள். அது அசையவே இல்லை.

"துருப்பிடிச்சிருக்கும்." கீழேயிருந்து அவர் குரல், இந்த முறை ஆங்கிலத்தை விட்டு மெக்சிகோக்காரர்களின் ஸ்பானிஷில், அவள் அம்மா பேசுகிற அதே ஊர்ப் பேச்சில் வந்தது. "அதை முடுக்கினவனே நான்தான். மொலினாங்கிற எங்கப்பா பேரை இறக்கிட்டு, மில்லர்னு மாட்டின அன்னைக்கு."

கிரிசெல்டா இறங்கி வந்தாள். ஸ்குரூ டிரைவரை அவர் கையில் திணித்தாள்.

"அப்ப நீங்களே கழட்டுங்க, மொலினா ஐயா. ஏணியை நான் பிடிச்சுக்கறேன்."

கிழவர் ஏறினார்.