கப்பல் கொஞ்சம் லேட்டு

பழைய துறைமுகத்து யாத்திரிகர் விடுதிக்குப் புதிதாக வந்த மேனேஜர், முதல் அறைக் கதவைத் தட்டினார். பஸ்ஸில் வந்த கூட்டம் ஒன்று தங்க இடமில்லாமல் வாசலில் நின்றது.

“எப்ப காலி பண்றீங்க?”

“கப்பல் வந்ததும் கிளம்பிடுவோம் சார். யாத்திரிகரோ வியாபாரியோ, கப்பலேறப் போறவங்க அதுவரைக்கும் இலவசமா தங்கலாம்னு வாசல்ல கல்வெட்டே இருக்கே,” என்றார் உள்ளே இருந்தவர்.

“கப்பல் லேட்டா?”

“கொஞ்சம்.”

“துறைமுகத்துல விசாரிச்சீங்களா?”

“எங்க தாத்தா விசாரிச்சாரு. இதோ வந்துடும்னாங்களாம்.”

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு, மாடியில் குடும்பத்தோடு இருந்த தர்மகர்த்தாவிடம் ஓடினார்.

“ஐயா, துறைமுகமே தூர்ந்து போச்சு. இனிமே கப்பல் வராதுன்னு சொல்லி அவங்கள இன்னிக்கே அனுப்பிடலாம்.”

தர்மகர்த்தா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“மெதுவா பேசுங்க. நாங்களும் அந்தக் கப்பலுக்குத்தான் காத்திருக்கோம்.”